காக்ஸ் பஜாரில் ஒரு மூங்கில் நகரம்

ஊர்ப் பெயரே சில சமயம் ஊரின் சரித்திரத்தைச் சொல்லிவிடும். வங்க தேசத்தின் தென்கிழக்குக் கோடியில் கடலோரமாய் அமைந்த காக்ஸ் பஜார் அத்தகைய ஊர்களில் ஒன்று. 1784-ஆம் ஆண்டின் இறுதியில் பர்மிய மன்னரின் சேனை அரக்கான் நாட்டைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு ஜனங்கள் திரள் திரளாகச் சிட்டகாங் ஜில்லாவுக்குள் ஓடி வந்தார்கள். அவர்களைக் குடியமர்த்தும் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஹிரம் காக்ஸ் என்ற அதிகாரியிடம் ஒப்புவித்தார்கள். அவ்வேலை முடியுமுன்பே, 1799-இல், அவர் காலமானார். அவர் பெயரால் ஏற்பட்ட சந்தையே இன்று பட்டணமாக வளர்ந்திருக்கிறது. இருநூறு வருஷங்களுக்கு மேலாகியும், அவ்வூருக்கு அகதிகள் வருவது மட்டும் நிற்கவில்லை.

சிட்டகாங்கிலிருந்து பஸ்ஸில் அவ்வூர் போய்ச் சேர்ந்தோம். சுமார் 120 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மணற்கரையும், அலையில் விளையாடும் பிரயாணிகளும், காற்றில் மிதந்து வரும் கருவாட்டு மணமும் நம்மை வரவேற்றன. ஆனால் நாம் பார்க்க வந்தது கடலையன்று. தெற்கே உக்கியாவுக்குச் செல்லும் சாலையில் ஒரு மணி நேரத்துக்குமேல் பிரயாணம் செய்தால் குதுப்பாலங் வருகிறது. உலகத்திலேயே மிகப் பெரிய அகதி முகாம்களில் ஒன்று அது.

அங்கே ஒரு குன்றின்மேல் நின்று நோக்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை குடிசைகள். மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் குடிசைகள். சுவர் மூங்கில், கூரை தார்ப்பாய், பாலம் மூங்கில், பள்ளிக்கூடமும் மூங்கில். அகதிகள் நிலையாக வீடு கட்டிக்கொள்ள வங்க தேச சர்க்கார் அனுமதிப்பதில்லை. இவர்கள் திரும்பிப் போகவேண்டியவர்கள் என்பது அவர்கள் கொள்கை. மழைக் காலத்தில் மண் சரிகிறது, கோடையில் தீப்பிடிக்கிறது. 2021 மார்ச்சு மாதத் தீயில் மட்டும் சுமார் 45,000 பேர் குடிசை இழந்தார்கள்.

இங்கே இருப்போர் ரோஹிங்யா முஸ்லிம்கள். 2017 ஆகஸ்டில் பர்மிய ராணுவம் தொடங்கிய கொடுமைகளுக்கு அஞ்சி, சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லையைத் தாண்டினார்கள். முன்பே வந்தவர்களையும் பின்னால் வந்தவர்களையும் சேர்த்தால் தொகை 10 லட்சத்தைத் தாண்டும்.

தொண்டு செய்தோரின் பெருமையை மறைப்பது நியாயமாகாது. 2017 அக்டோபரில் சுமார் 7 லட்சம் பேருக்குக் காலரா தடுப்பு மருந்து வாய்வழியே கொடுத்தார்கள். பெரும் கொள்ளைநோய் மூளவில்லை. விறகுக்காகக் காடு மொட்டையாவதைக் கண்டு, 2018 முதல் வீட்டுக்கு வீடு சமையல் காஸ் வழங்கினார்கள். குன்றுகளில் மீண்டும் பசுமை தலைகாட்டிற்று. கிணறும் ஆஸ்பத்திரியும் எத்தனையோ உயிர்களைக் காத்தன.

ஆயினும் இந்த நன்மைகளுக்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. தருமமாகக் கிடைப்பது தருபவரின் கை சுருங்கினால் சுருங்கிவிடுகிறதே! 2023-இன் தொடக்கத்தில் ஓர் ஆளுக்கு மாதம் 12 டாலர் பெறுமான உணவு கொடுத்து வந்தார்கள். மார்ச்சில் அது 10 டாலராயிற்று. ஜூனில் 8 டாலராயிற்று. அதாவது ஒரு நாளைக்கு 27 சென்டு! 2024-இல் மீண்டும் உயர்த்தினார்கள் என்றாலும், பசித்த வயிறு ஓராண்டு காத்திருக்குமா? இதைவிடக் கொடிய முன் உதாரணமும் உண்டு. 1978-இல் சுமார் 2 லட்சம் பேர் இவ்வாறே வந்தபோது, உணவு போதாமல் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். மற்றவர்களிற் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நான்கே ஆண்டுகளில், 1982-இல், பர்மா இயற்றிய பிரஜா உரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

முகாமில் ஒரு முதியவரைச் சந்தித்தோம். 1978-இல் தாயாரோடு வந்தாராம், திரும்பிப் போனாராம். 1992-இல் மனைவி மக்களோடு வந்தாராம், மறுபடியும் போனாராம். 2017-இல் பேரப் பிள்ளைகளோடு வந்திருக்கிறார். "பெரியவரே, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று, மொழிபெயர்த்துச் சொல்லும் இளைஞன் மூலம் கேட்டோம். அவர் அரிசியைப் பற்றிப் பேசவில்லை. "நான் எந்த நாட்டுப் பிரஜை என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?" என்றார்.

பள்ளிக்கூட வாத்தியாராகிய நமக்குக் குழந்தைகளின் நிலையே அதிகமாய் உறுத்திற்று. அவர்களுக்கு வங்கப் பாடத்திட்டம் கற்பிக்க அனுமதியில்லை. 2021-இன் இறுதியில்தான் பர்மியப் பாடத்திட்டம் முறையாக வந்தது. அதுவும் 2025 ஜூனில், பணமில்லை என்று ஆயிரக்கணக்கான கற்றல் நிலையங்களை நிறுத்தி வைத்தபோது தடைப்பட்டது. படிப்பை உரிமையாக எண்ணியிருந்தால், வரவு குறைந்ததும் முதலில் அதன்மேல் கை வைப்பார்களா?

வங்க தேசத்தார் சொல்வதையும் கேட்கவேண்டும். அவர்கள் நாடு சிறிது, ஜனத்தொகையோ பெரிது. உக்கியா, டெக்னாப் பகுதிகளில் உள்ளூராரைவிட அகதிகளே அதிகம். கூலி குறைந்தது, காடு அழிந்தது என்று ஏழை விவசாயி குறைகூறுவதில் பொய்யில்லை. 1971-இல் சுமார் ஒரு கோடி வங்காளிகள் இந்தியாவில் அகதிகளாய்த் தங்கினார்கள். அந்த நினைவு மாறாத தேசமே 2017-இல் கதவைத் திறந்தது. பணக்கார தேசங்களிற் பல அவ்வளவு செய்யவில்லை. வேலை செய்யவும் வெளியே நடமாடவும் அகதிகளுக்கு உரிமை வேண்டும் என்று வாதிப்போர், அதன் பாரத்தை வங்க ஏழையின் தலையில் மட்டும் ஏற்றலாகாது.

1942-இல் பர்மாவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு வந்தோரின் கதையைத் தமிழ்க் குடும்பங்கள் பல அறியும். அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆனால் நடந்து வந்து சேர அவர்களுக்கு ஒரு தாய்நாடு இருந்தது. ரோஹிங்யாக்களுக்கு அதுதான் இல்லை. அரிசியை அயலார் அனுப்பலாம். பிரஜா உரிமையைப் பர்மாதான் தரவேண்டும். அது தரும்வரையில், உலகம் அனுப்பும் அரிசி குறையாமலாவது போய்ச் சேரவேண்டும்.