காய்ச்சிக் குடும்மா என்றேன்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகாது என்று தெரிந்த பிறகும், ஒரு பருவம் முழுக்க அதைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களைக் குடிக்க விட்டேன். என் வீட்டுக்கு மட்டும் ஆர்.ஓ. கருவி மாட்டிக்கொண்டேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். கொடிக்கு என்றால் எந்தக் குறையும் வைத்ததில்லை. இலையில் அடிச்சாம்பல் தெரிந்தால் உடனே ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் போய் நிற்பேன். மண்ணைப் பரிசோதித்தேன், பாசன நீரைப் பரிசோதித்தேன். அந்த அறிக்கையில் உப்பு, சோடியம், கார அமில நிலை எல்லாம் இருக்கும். கொடிக்கு ஆகுமா என்பதற்கான கணக்கு அது. மனிதருக்கு ஆகுமா என்று அது சொல்லாது. அப்பா காலத்திலிருந்து ‘நம்ம கிணறு நல்ல தண்ணி’ என்று சொல்லி வந்தோம். நாக்கில் கரிக்கவில்லை என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான், குடிக்கிற தண்ணீர் எது, பரிசோதித்தீர்களா என்று மருத்துவர் கேட்டார். குடிநீர் வடிகால் வாரியம் சொந்தக் கிணற்றுத் தண்ணீரையும் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தரும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை அலசி, இரண்டு லிட்டர் பிடித்துக் கொண்டுபோனால் போதும். கிருமி பார்ப்பதற்கு மட்டும் கிருமி நீக்கிய பாட்டிலில் தனியாகப் பிடித்து, ஐஸில் வைத்துத் தாமதிக்காமல் சேர்க்க வேண்டும். இவ்வளவு எளிய வேலையை இத்தனை ஆண்டுகள் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

நைட்ரேட் லிட்டருக்கு 82 மில்லிகிராம் என்று வந்தது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம் 45க்கு மேல் கூடாது என்கிறது. ஃபுளோரைடு, கடினத்தன்மை போன்றவற்றில், வேறு நீராதாரம் இல்லாத ஊருக்கு அந்தத் தரம் ஓரளவு விட்டுக்கொடுக்கும். நைட்ரேட்டில் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. காய் திரள வேண்டும் என்று யூரியாவைச் சிபாரிசுக்கு மேலேயே போட்டு வந்தேன். கொடி எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும். அது மண்ணில் ஒட்டி நிற்காது, பாய்ச்சும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். போதாததற்குக் குழாய்ச் செலவு மிச்சம் என்று கழிப்பறைக் குழியைக் கிணற்றுக்கு மேட்டில் தோண்டியதும் நான்தான். மாட்டுக்கொட்டிலும் அந்தப் பக்கமே.

அறிக்கையை மடித்து மேஜை அறைக்குள் வைத்தேன். பேத்திக்காக ஆர்.ஓ. வந்தது.

அடுத்த கவாத்துக்கு வந்தவர்களில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். வரப்போரத்து வேம்பில் தூளி கட்டியிருந்தாள். மோட்டார் ரூம் குடத்தைக் காட்டி, “அண்ணே, இந்தத் தண்ணியில பால்மாவு கரைச்சுக் குடுக்கலாமா?” என்று கேட்டாள்.

“காய்ச்சிக் குடும்மா, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிஞ்சியதில் அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பில் அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும். உதடும் நகமும் நீலம் பாயும். அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் 1945இலேயே, கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதிவிட்டார். காய்ச்சினால் போகாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆர்.ஓ. வாங்கும்போது, காய்ச்சியோ வடிகட்டியோ நைட்ரேட்டை எடுக்க முடியாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பணம் கொடுத்தேன்.

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் தாய்ப்பாலே கொடுத்தாள், பால்மாவு எப்போதாவதுதான். அவள் பிள்ளையைக் காத்தது அவள். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

ஏன் மறைத்தேன்? தண்ணீர் கெட்டது என்று பேச்சு கிளம்பினால் வியாபாரி பழத்துக்கும் விலையை இறக்குவான் என்று பயந்தேன். ஆட்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைப்பது தினச் செலவு என்று கணக்குப் போட்டேன். இரண்டும் உண்மை. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது வேறு. என் பேத்தியையும் அவள் பிள்ளையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது.

மகள்தான் மேஜை அறையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். “தோட்டத்துல குடிக்கிறவங்களுக்குச் சொன்னீங்களாப்பா?” என்று கேட்டாள். நானாக வாய் திறந்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. மறுநாள் ஆட்களைக் கூட்டிவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் வீட்டுக்கும் போனேன். “அன்னிக்கே சொல்லியிருந்தா வீட்டுலருந்தே கொண்டாந்திருப்பேனேண்ணே” என்றாள். அவர்கள் தெருக் குழாயில் வருவது கூட்டுக் குடிநீர். அவள் சொன்னது சரிதான். நான் செய்திருக்க வேண்டியது அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது மட்டுமே.

மோட்டார் ரூம் சுவரில் நைட்ரேட் அளவை எழுதி, ‘குடிக்கக் கூடாது’ என்று பெயிண்ட் அடித்திருக்கிறேன். ஆட்களுக்கு இப்போது ஊர்த் தண்ணீர் வருகிறது. கழிப்பறைக் குழியை மாற்றும் வேலை நடக்கிறது. யூரியாவை மண் பரிசோதனை சொன்ன அளவுக்குக் குறைத்து, பிரித்துப் பிரித்துப் போடுகிறேன்.

கீழ்த்தோட்டத்துப் பெரியவரிடம்தான் கடைசியாகப் போனேன். என் நிலத்து நீரோட்டம் அவர் கிணற்றுப் பக்கமாகத்தான் போகும். “உனக்கு எப்பத் தெரியும்ப்பா?” என்றார். மாதத்தைச் சொன்னேன். அவர் கிணற்றுத் தண்ணீரும் இப்போது ஆய்வகத்தில் இருக்கிறது, முடிவு வர வேண்டும். இன்றே உரத்தை நிறுத்தினாலும் நிலத்தடியில் இறங்கிவிட்ட நைட்ரேட் குறைய ஆண்டுகள் பிடிக்கும். அவருக்கு அதையும் சொல்லியிருக்கிறேன்.