அப்பாவுக்கு 'ஹி' போடலாமா?

பி.காம் முதலாம் ஆண்டு, ஆங்கில வகுப்பு. ஒவ்வொருவராக எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். கடைசிக்கு முந்தின பெஞ்சில் இருந்தவன் எழுந்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். முந்தின நாள் ராத்திரியே எழுதி மனப்பாடம் செய்திருந்தான். "மைசெல்ஃப்..." என்று தன் பெயரைச் சொல்லித் தொடங்கினான். அடுத்து அப்பா. "மை ஃபாதர் இஸ் எ மேசன். தே கோ டு ஒர்க் அட் சிக்ஸ் ஓ கிளாக்."

"உனக்கு எத்தனை அப்பாடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. பாடம் எடுத்தவரும் சிரித்துவிட்டார்.

அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த செமஸ்டர் முழுக்க ஆங்கில வகுப்பில் வாயே திறக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிரித்தவர்களில் பல பேர் அன்றைக்கு 'மைசெல்ஃப்' என்றுதான் ஆரம்பித்தார்கள். அதற்கு யாருமே சிரிக்கவில்லை. அதுவும் தப்பு என்று தெரிந்தால்தானே சிரிப்பதற்கு!

சரி, அவன் என்ன தப்பு செய்தான்? வீட்டில் அப்பாவை 'அவங்க' என்று சொல்லித்தான் பழக்கம். 'அவன்' என்றால் முதுகில் விழும். பள்ளிக்கூடத்தில் படித்தது என்ன? 'ஹி' என்றால் அவன், 'ஷி' என்றால் அவள், 'தே' என்றால் அவர்கள். காலை ஆறு மணிக்குக் கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற அப்பாவை எப்படி 'அவன்' என்பது? அதனால் 'தே' போட்டான். அவனுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை, மரியாதை குறையக் கூடாது என்று நினைத்தான்.

கோளாறு அந்த மனப்பாடப் பட்டியலில்தான் இருக்கிறது. 'ஹி' என்றால் 'அவன்' மட்டும் இல்லை, 'அவர்' என்பதும் அதில் அடக்கம். தெருவில் விளையாடும் பையனுக்கும் 'ஹி'தான், ஜனாதிபதி ஆணாக இருந்தால் அவருக்கும் 'ஹி'தான். தமிழில் பிரதிப்பெயரே மரியாதையைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'ஹி', 'ஷி' இரண்டும் ஒருமையையும் ஆண் பெண் வேறுபாட்டையும் மட்டுமே சொல்லும். மரியாதை வேண்டுமானால் 'சார்', 'மிஸ்டர்' என்று வேறு இடத்தில்தான் தேட வேண்டும். காமர்ஸ் மாணவர்களுக்கு இன்னொரு விஷயம். 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 13ஆவது பிரிவின்படி, மத்திய சட்டங்களில் 'ஹி' என்று வந்தால், இடத்துக்குப் பொருந்தும் வரை, பெண்ணும் அதில் சேர்த்தி!

பன்மையால் மரியாதை கொடுப்பது ஆங்கிலத்துக்கும் புதிதில்லை. ஒரு காலத்தில் அங்கேயும் நம் 'நீ', 'நீங்கள்' போல ஒருமைக்கு 'தௌ', பன்மைக்கு 'யூ' வகைச் சொற்கள் இருந்தன. 13ஆம் நூற்றாண்டு முதல் பெரியவர் ஒருவரைப் பன்மையில் அழைக்கும் வழக்கம் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், மனிதர் எல்லோரும் சமம் என்று பெரிய மனிதர்களையும் 'தௌ' என்றே அழைத்து, அடியும் வாங்கினார்கள். கடைசியில் பொது ஆங்கிலத்தில் 'தௌ' மறைந்து எல்லோருக்கும் 'யூ' ஆகிவிட்டது. இன்றைக்கும் ஒரே ஆளிடம் பேசும்போது 'யூ ஆர்' என்கிறோமே, அந்த 'ஆர்' பழைய பன்மையின் மிச்சம்தான்.

தமிழிலும் 'அவர்' முதலில் பன்மைதான். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்வுச் சொல், இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியமே சொல்கிறது. அப்படியானால் அப்பாவை 'அவங்க' என்கிற எல்லோரும் ஒரு காலத்துத் தப்பைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்!

அதற்காக 'தே' சரியென்று ஆகிவிடாது. யாரென்று தெரியாத ஒருவரைக் குறிக்க 'தே' போடலாம். 'சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா' என்பது சரியான ஆங்கிலம், 14ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் வழக்கம். ஒருவர் தன்னை 'தே' என்று குறிப்பிடச் சொன்னால் அப்படியே குறிப்பிடுவதும் இன்றைய வழக்கம். 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாக 'தே'யைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் அப்பா தெரிந்த ஆள். அவருக்கு 'ஹி'தான்.

பேச்சு வந்ததால் இன்னும் மூன்று விஷயம்:

1. 'மைசெல்ஃப்' தனியாக எழுவாயாக நிற்காது. 'ஐ ஆம்' என்று தொடங்கிவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். 'ஐ இன்ட்ரொட்யூஸ்ட் மைசெல்ஃப்' என்பதில் அது சரியாக இருக்கிறது, ஏனென்றால் செய்தவரும் செய்யப்பட்டவரும் ஒருவரே.

2. 'ஐ'யா, 'மீ'யா என்று குழப்பமா? கூட இருக்கும் ஆளை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'ஹி கால்ட் ரவி அண்ட் ஐ' என்பதில் ரவியை எடுத்தால் 'ஹி கால்ட் ஐ' என்று வரும். காதே வேண்டாம் என்று சொல்லிவிடும். அங்கே 'மீ'தான் சரி.

3. 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'வி' ஒன்றுதான். வியாபாரக் கடிதத்தில் 'வி ஹாவ் டு பே தி பேலன்ஸ்' என்று எழுதினால் பாக்கியைக் கட்டப்போவது எழுதியவர் மட்டுமா, படிப்பவரும் சேர்ந்தா? பணம் வருகிற இடத்தில் பெயரையே எழுதிவிடுவது நல்லது.

அந்தப் பையனுக்கு இரண்டாம் ஆண்டில்தான் ஒரு சீனியர் விஷயத்தை விளக்கினார். "ஹின்னா அவன் மட்டும் இல்லடா, அவரும்தான்." இரண்டே நிமிஷம். அதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஒரு செமஸ்டர் வீணாகப் போயிருக்காது.

மூன்றாம் ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூவில் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். "ஹி இஸ் எ மேசன். ஹி கோஸ் டு ஒர்க் அட் சிக்ஸ்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். வெளியே வந்ததும் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்தவனிடம் யார் என்று நண்பன் கேட்டான்.

"அப்பா. எப்படிப் பண்ணினேன்னு கேட்டாங்க."

அடுத்த முறை உங்கள் வகுப்பில் யாராவது அப்பாவுக்கு 'தே' போட்டால், சிரிக்காமல் அந்த இரண்டு நிமிஷத்தை அவனுக்குக் கொடுங்கள் நண்பர்களே!