மோர்மேல் போட்ட பழி

காலை எட்டு, இரவு எட்டு. எங்கள் வீட்டில் அது டாக்ரோலிமஸ் நேரம். அக்கா கொடுத்த சிறுநீரகத்தை அண்ணனின் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, அவன் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரை. ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றுப்போக்கு, வெள்ளை அணுக்களும் குறைந்துபோயின. ரிப்போர்ட்டில் சைட்டோமெகலோ வைரஸ் என்றிருந்தது. "நான் குடுத்த மோர்தான்டா" என்று அம்மா ஓயாமல் அழுதாள். சித்தி கல்யாண வீட்டுச் சாப்பாட்டைச் சொன்னாள். அக்கா மட்டும் மெதுவாக, "என் கிட்னியோட வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள்.

வந்திருக்கலாம். ஆனால் நம் ஊரில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் அந்த வைரஸ் சின்ன வயதிலேயே புகுந்து அடங்கிக் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் தலைதூக்கும்.

அப்படியானால் டயாலிசிஸில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்? அவருக்கும் மாற்றுச் சிறுநீரகம், அதே மாத்திரைகள். அவரிடம் அது வாலாட்டவில்லையே!

டாக்டர் ரிப்போர்ட்டின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டார். "இது ஆறாவது குரோமோசோம். பொருத்தம் பார்த்தோமே, அந்த எச்.எல்.ஏ. இங்கே. இது பத்தொன்பதாவது. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ற செல்களுக்கு உத்தரவு கொடுக்கிற கே.ஐ.ஆர். மரபணுக்கள் இங்கே. ரெண்டும் தனித்தனியா இறங்கும் தம்பி. கூடப்பிறந்தவங்களுக்கே ஒண்ணு பொருந்தி, இன்னொண்ணு பொருந்தாம போகலாம்."

அந்தச் செல்களைத் தூண்டும் வகை மரபணுக்கள் கூடுதலாக உள்ளவர்களுக்கு இத்தொற்று குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதே பத்தொன்பதில் இன்டர்ஃபெரான் லாம்டா மரபணுவும் இருக்கிறது. 2009-இல் ஹெபடைடிஸ் சி சிகிச்சையை வைத்துப் பேசப்பட்டது, பிறகு சைட்டோமெகலோ வைரஸுக்கும் பேசப்படுகிறது. இவை ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

மரபணுக்கள் முழுக்கப் பொருந்தினால் கதையே வேறு. 1954-இல் பாஸ்டனில் ஒருவர் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்தபோது ஹெரிக் சகோதரர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தே தேவைப்படவில்லை. ஒரே கரு இரட்டையர். 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. அதே ஆண்டில்தான் லண்டனில் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்ட புது வைரஸைப் பற்றி எழுதினார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகளே அதற்குப் பெயர்: பி.கே. சிகிச்சையும் அதன் ஆபத்தும் அப்போதிருந்தே கூடவே வருகின்றன.

இதையெல்லாம் சொன்ன பிறகும் அம்மா மோர் கடையவே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. மாற்றுறுப்பு வைத்தவருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் குறித்த தேதியில், வைரஸைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.