நான் மறவாத ஒரு சுற்றுலா

ஏட்டுக் கல்வி தராத அறிவைப் பயணம் தரும் என்பர். அத்தகைய ஒரு பயணம் எனக்கும் வாய்த்தது.

சென்ற பாடசாலை விடுமுறையில், அம்மம்மா, அம்மா, தம்பி ஆகியோருடன் கிரானிலிருந்து பேருந்தில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். சித்தாண்டி, செங்கலடி, ஏறாவூர் ஆகிய ஊர்களைக் கடந்து, வாவி சூழ்ந்த புளியந்தீவை அடைந்தோம்.

முதலில் கோட்டையைப் பார்த்தோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதன் தடித்த மதில்கள் வரலாற்றுப் பாடத்தைக் கண்முன் கொண்டுவந்தன. பின்னர் வாவிக்கரையிலுள்ள காந்தி பூங்காவில் கட்டுச்சோறு உண்டோம். தம்பி களைக்கும்வரை ஓடித்திரிந்தான்.

மாலையில் கல்லடிப் பாலத்தை அடைந்தோம். பழைய பாலம் 1924இல் அமைக்கப்பட்டது. அதனருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. பூரணை இரவுகளில் இங்கு மீன்கள் பாடும் என்பது ஊர்வழக்கு.

கல்லடிக் கடற்கரையை நெருங்கியதும் அம்மம்மா நின்றுவிட்டார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அவருடைய தங்கையைக் கொண்டுபோன கரை அது. அதன்பின் அவர் கடற்கரைக்கே சென்றதில்லை.

“வாங்க அம்மம்மா, நான் கையைப் பிடிச்சிருக்கன்” என்றான் தம்பி.

மெல்ல நடந்தார். அலை பாதங்களைத் தொட்டபோது தம்பியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. திரும்பும்போது எங்களுக்குக் கச்சான் வாங்கித் தந்தார்.

உற்றார் கைகொடுத்தால் அஞ்சிய இடத்துக்கும் மீண்டும் செல்லலாம் என்பதை அன்று கற்றேன்.