நலிந்த இடம்

ஆலையில் நூற்கப்பெற்ற பருத்தி நூல் கண்ணுக்கு ஒரே சீராகத் தோன்றும். உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கின் உண்மை புலனாகும். ஓரிடத்தில் நார்கள் செறிந்து கிடக்கும். பிறிதோரிடத்தில் அருகி நிற்கும். முறுக்கும் ஓரிடத்தில் மிகும், ஓரிடத்தில் தளரும். அந்நூலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டால் எங்கே அறும்? நார் செறிந்த இடங்கள் நூறு இருப்பினும் பயனில்லை. மிக நலிந்த அந்த ஓரிடத்திலேயே அறும். நூலின் சராசரி வலிமை எவ்வளவு என்னும் கேள்விக்கு இங்கு வேலையே இல்லை.

இதனால் வியப்பான செய்தி ஒன்று விளைகிறது. ஒரே வகை நூலில் நீளமானது குறுகியதைக் காட்டிலும் வலிமை குன்றியது. நீளம் கூடக்கூட, மிக நலிந்த இடமொன்று அகப்படும் வாய்ப்பும் கூடுமன்றோ? இத்தாலிய அறிஞர் லியொனார்டோ டா வின்சி, கம்பிகளின் வலிமையைச் சோதிக்கும் முறையொன்றைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இரும்புக் கம்பியில் கூடையொன்றைக் கட்ட வேண்டும். மேலுள்ள கலத்தின் சிறு துளை வழியே மணல் அதில் மெல்ல விழ வேண்டும். கம்பி அற்றவுடன் துளை தானே அடைபட வேண்டும். பின்னர்க் கம்பியின் நீளத்தைக் குறைத்து மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

பல நூற்றாண்டுகள் கழித்து, 1926-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் பருத்தி நூலை ஆராய்ந்த பியர்ஸ் என்பார் இதற்குக் கணக்கு வகுத்தார். ஒரு முழ நூல் குறித்த சுமையைத் தாங்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது எனக் கொள்க. ஒரு முழத்தின் நலிவு மற்றொன்றைச் சாராது எனவும் கொள்க. பத்து முழ நூல் தாங்க வேண்டுமாயின் பத்து முழமும் தவறாது தாங்க வேண்டும். ஆகவே, பத்தில் ஒன்பதைப் பத்து முறை பெருக்கினால், வாய்ப்பு நூற்றுக்கு 35 அளவே ஆகிறது. நூறு முழ நூலுக்கோ இலட்சத்திற்கு மூன்றுகூட இல்லை!

கண்ணாடியின் இயல்பும் இதுவே. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள கண்ணாடி இழையைவிட, அதில் முந்நூற்றில் ஒரு பங்கு பருமனே உடைய இழை, பரப்புக்குப் பரப்பு ஒப்பிடும்போது, ஏறத்தாழ இருபது மடங்கு விசையைத் தாங்கிற்று என்று கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் 1921-இல் வெளியிட்டார். அத்துணை மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமேது?

அங்ஙனமாயின், குறையுள்ள பொருளைக்கொண்டு உறுதியானதொன்றை அமைக்கவே இயலாதா? நியூயார்க்கில் ஈஸ்ட் ஆற்றின்மேல் எழுந்த புருக்ளின் தொங்குபாலம் இதற்கு விடை கூறும். அப்பாலத்தைத் தாங்குவன நான்கு பெருவடங்கள். ஒவ்வொன்றிலும் 5,000-க்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகள் உள்ளன. 1878-ஆம் ஆண்டில் கொடிய வஞ்சனை ஒன்று வெளிப்பட்டது. கம்பி வழங்கிய வணிகன், சோதனையில் தேறிய நற்கம்பியை வழியிலேயே மாற்றிவிட்டுத் தீய கம்பியைப் பாலத்திற்கு அனுப்பிவந்தான்! அதற்குள் அக்கம்பியிற் பெரும்பகுதி வடத்துள் ஏறிவிட்டது. அதனை இனிப் பிரித்தெடுக்க வழியில்லை.

தலைமைப் பொறியியலார் வாஷிங்டன் ரோப்ளிங் அப்போது நோயுற்று வீட்டினுள் அடைபட்டிருந்தார். அவர்தம் கட்டளைகளை மனைவி எமிலியே பாலத்திற்குக் கொண்டு சென்றார். ரோப்ளிங் அஞ்சவில்லை, கணக்கிட்டார். நூலின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்பன. வடத்தின் கம்பிகளோ பக்கம்பக்கமாய் நின்று சுமையைப் பகிர்வன. ஒரு கம்பி அற்றால் அதன் பங்கை அண்டைக் கம்பிகள் ஏற்கும். ஆயினும் அவை ஏற்கெனவே தம் எல்லையளவு சுமந்துகொண்டிருந்தால், ஒன்று அற மற்றொன்று அற்று, வடம் முழுதும் வீழும். அவர் வடங்களைத் தேவைக்கு ஆறு மடங்கு வலிமை உடையனவாக வகுத்திருந்தார். தீய கம்பி கலந்தும் ஐந்து மடங்கு எஞ்சும் எனக் கண்டார். ஒவ்வொரு வடத்திலும் ஏறத்தாழ 150 நற்கம்பிகளைக் கூடுதலாகச் சேர்ப்பித்தார்.

1883-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் பாலம் திறக்கப்பெற்றது. தீய கம்பிகள் இன்றும் அவ்வடங்களினுள்ளேயே இருக்கின்றன. அவற்றின்கீழ் மக்களும் ஊர்திகளும் நாள்தோறும் ஆற்றைக் கடந்த வண்ணம் உள்ளனர்.