கோட்டையை விட்டு வந்த கச்சேரி

மட்டக்களப்பில் "கச்சேரிக்குப் போகிறேன்" என்றால் யாரும் பாட்டுக் கச்சேரியை நினைப்பதில்லை. புளியந்தீவில் வாவிக்கரையோரம் நிற்கும் பழைய கோட்டைக்குள் நெடுங்காலம் இயங்கிய மாவட்டச் செயலகத்தைத்தான் அப்படிச் சொல்வோம். அந்தக் கச்சேரி 2024ஆம் ஆண்டு, நகரின் வடபுறமுள்ள திராய்மடுவில் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

அந்தக் கோட்டைக்கும் நமக்கும் பழைய தொடர்புண்டு. கரையோரங்களிலிருந்து போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களில் சுமார் 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாறு. இரண்டு வருடங்களின் பின், 1628இல், அதே போர்த்துக்கேயர் இந்தக் கோட்டையைக் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயரிடம் போனது. துரத்தியவர்கள் கட்டிய மதிலுக்குள்தான் பிற்காலத்தில் நம் தாய்மார் காணி உறுதியும் கையுமாகப் போய் வந்தார்கள்.

புதிய கச்சேரிக்கு நான் முதன்முதல் போனது என் மூத்த ராத்தாவோடு. மச்சான் மௌத்தான பின் அவரது காணிக் காரியம் ராத்தாவின் தலையில் விழுந்திருந்தது. காத்தான்குடியில் பஸ் ஏறியது முதல் அவவுக்கு ஒரே கவலை.

"கோவையெல்லாம் ஏத்தி இறக்கக்குள்ள எங்கட துண்டு எங்கயும் தவறிப் போயிருக்குமோ தம்பி?"

கோட்டைக்குள் தடித்த சுவர்கள், அரையிருட்டு, பழைய கடதாசி வாசம். இங்கோ எங்கும் வெளிச்சம். பளபளத்த தரையைக் கண்டதும் ராத்தா வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனா. "போட்டுக்கொண்டே வாங்க உம்மா" என்றார் அங்கு நின்ற ஒருவர். அந்த ஒரு வார்த்தையில் அவவின் பயம் பாதி குறைந்தது.

உள்ளே லிகிதராக இருந்த தமிழ்ச் சகோதரி இலக்கத்தைக் கேட்டார். ராத்தா பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்துக் கொடுத்தா. அரை மணி நேரத்தில் கோவை வந்தது. கடைசித் தாளில் மச்சானின் கையெழுத்து. அதன்மேல் விரலை வைத்தபடி ராத்தா சற்று நேரம் பேசாமல் இருந்தா. அல்ஹம்துலில்லாஹ், காரியம் அன்றே பதியப்பட்டது.

சகோதரிகளே! அன்று கைகொடுத்தது அந்தச் சிறு ரசீதுதான். நம் வீடுகளில் பத்திரங்கள் ஆண்களின் அலுமாரியில் இருக்கும். எது எங்கே என்று பெண்களுக்குத் தெரியாது. கணவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு அறிந்து கொள்ளுங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், ரசீது எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு போட்டோ பிரதி எடுத்து, கோவை இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒருமுறையாவது அவரோடு காரியாலயத்துக்குப் போய், எந்தக் கிளையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்து வாருங்கள்.