சரமும் முழமும்

பூச்சரம் வாங்கும்போது நான் இரண்டைக் கவனிப்பதுண்டு: முழம் சரியாக இருக்கிறதா, கடைசியில் முடிச்சு விழுந்திருக்கிறதா? கணிப்பொறிக்காரர்களும் எழுத்துக்களின் வரிசையைச் சரம் என்றே சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் அவர்களில் ஒரு சாரார் வெகுகாலம் முடிச்சை மட்டும் நம்பினார்கள், முழம் போடவில்லை.

1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், டென்னிஸ் ரிச்சி 'சி' என்ற மொழியை உருவாக்கினார். கணிப்பொறியின் நினைவகம் பொன்னைப் போல் அருமையாக இருந்த காலம் அது. அந்த மொழியில் சரத்தின் நீளம் எங்கும் குறிக்கப்படுவதில்லை. கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒரு பூஜ்யம், அதுதான் முடிச்சு. அதைக் காணும்வரை இயந்திரம் படித்துக்கொண்டே போகும். முடிச்சு விழாவிட்டால் அடுத்த வீட்டுக்குள்ளும் நுழைந்து படிக்கும்!

இதைவிடப் பொல்லாதது 'கெட்ஸ்' என்ற கட்டளை. வெளியிலிருந்து வரும் வரியை வாங்கி வைப்பது அதன் வேலை. வைக்கிற பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று அது கேட்பதே இல்லை. 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் இணையத்தில் ஏவிவிட்ட 'புழு', உள்ளே நுழைய இதையும் ஒரு வழியாகக் கொண்டது. 512 எழுத்து கொள்ளும் இடத்தில் 536 எழுத்தை ஊற்றியது. வழிந்தவை வீணாகச் சிந்திவிடவில்லை. வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது என்று இயந்திரம் குறித்து வைத்திருந்த விலாசத்தை அழித்து, புழு கொண்டுவந்த கட்டளைகளின் விலாசத்தை எழுதிவிட்டன. ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் திணறிப்போயின.

"ஜாக்கிரதையாக எழுதினால் போதுமே!" என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கதை எழுதுகிறவனுக்கு மனித சுபாவம் கொஞ்சம் தெரியும். காலையில் இருக்கிற ஜாக்கிரதை நடுநிசியில் களைத்துவிடும். தொண்ணூற்றொன்பது இடத்தில் விழித்திருந்தவன் நூறாவது இடத்தில் கண் அயர்வான். திருடனுக்கு அந்த ஓர் இடம் போதும்.

ஆகவே, இந்தக் காவலை மனிதன் தலையில் சுமத்தாமல் மொழியிடமே ஒப்படைப்பதுதான் நியாயம். 'ஜாவா', 'ரஸ்ட்' முதலிய பிற்கால மொழிகள் அதைச் செய்கின்றன. சரத்தோடு அதன் நீளமும் கூடவே போகிறது; எல்லை தாண்டிக் கை நீட்டினால் வேலை அங்கேயே தடைப்படும். அதுவும் நஷ்டம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். சி மொழியும் தன் 2011-ஆம் ஆண்டு விதிமுறையில் கெட்ஸை நீக்கிவிட்டது. புழு வந்து போய் 23 ஆண்டுகள் கழித்து!

ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கச் சிறிது நேரம் பிடிக்கும் என்கிறார்கள். பிடிக்கட்டுமே! அதை மிச்சம் பிடிக்கப்போய் உலகம் கொடுத்த விலையை நினைத்தால், அதைச் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.